தாகத்துக்கு முறை வைத்த ஊர்

நத்தையேந்தலில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான் வரும். சர்க்கார் தோண்டிப் பார்த்தது, ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் தோண்டிப் பார்த்தார்கள், உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு அது எங்கே நிமிர்கிறது என்று காடு காடாக நடந்தவன் சொன்ன இடத்திலும் தோண்டிப் பார்த்தார்கள். வந்ததெல்லாம் பல்லில் பட்டால் முகம் கோணுகிற உப்பு. பிறகு அந்த உப்பை ஏற்றி வைக்க ஒரு மேல்நிலைத் தொட்டி கட்டினார்கள், மோட்டார் அரித்துப்போனதும் தொட்டியால் ஊருக்குக் கிடைத்தது அதன் நிழல் ஒன்றுதான், ஊர்க்கூட்டமெல்லாம் அந்த நிழலில் நடந்தது. குடிக்க வேண்டுமென்றால் மேற்கே இருக்கும் ஊருணி. வானம் கொடுக்கிறபோது வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த மழைவரை ஊரை உயிரோடு வைத்திருந்த தண்ணீர் அது.

அதனால் ஊருணி விஷயத்தில் அந்த ஊர் ரொம்பக் கண்டிப்பு. தண்ணீரில் கால் படக் கூடாது. கல்படியில் குனிந்து குடத்தைச் சாய்த்து மொண்டுகொள்ள வேண்டும். ஆடு இறங்கக் கூடாது, சோப்பு நுரை விழக் கூடாது, கோடையில் தரை தெரிந்ததும் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து தூர் வார வேண்டும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு காவல் கம்பு இருந்தது, வைரம் பாய்ந்த உடைமரக் கம்பு, இரண்டு முனையிலும் பூண் போட்டது. விடியும்போது கம்பு எந்த வீட்டு வாசலில் சாய்ந்திருக்கிறதோ அந்த வீட்டில் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு போய்க் கரையில் உட்கார வேண்டும், மறுநாள் விடியும்போது பக்கத்து வீட்டு வாசலில் சாய்த்துவிட்டுத் திரும்பலாம். எடுக்க மாட்டேன் என்று சொன்ன வீடு அந்த ஊரில் இருந்ததில்லை.

ஊருணிக் கமிட்டியின் தலைவி பூமயில். புருசன் செத்த பிறகு ஒற்றைப் பெண்ணை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள், குரல் கொடுத்தால் எதிர்க்கரை ஆடு திரும்பிப் போகும். மகள் வினோதினி சிறுபிள்ளையாக இருந்தபோது கொலுசுக் காலைத் தண்ணீரில் நனைத்துவிட்டாள் என்பதற்காக, தன் வீட்டுக் குடம் ஊருணிப் பக்கம் போகக் கூடாது என்று தானே தீர்ப்புச் சொல்லி உப்புத் தண்ணீரில் கஞ்சி காய்ச்சிக் குடித்தவள். அப்படிப்பட்ட நேர்மை. அந்த நேர்மையை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது, ஆனாலும் இருந்ததைச் சொல்லத்தானே வேண்டும்.

மழை பொய்த்த வருசத்தின் சித்திரையில், ஊருணியின் நடுவில் பெண்கள் கொட்டாங்கச்சியால் சேற்றுத் தண்ணீரைச் சுரண்டிக்கொண்டிருந்த நாளில், கமிட்டிச் செயலாளர் வழிவிட்டான் கையில் கம்பு இருந்தது. அன்றைக்கு அவருக்குத் தாகம் எடுத்தது. வீட்டுப் பானையைக் குடித்தார், அடங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பானையைக் குடித்தார், அடங்கவில்லை. நுங்கு குடித்தார், நீராகாரம் குடித்தார், மாட்டுத் தொட்டியில் முகத்தை வைத்துக் குடித்தார், குடிக்கக் குடிக்க நாக்கு தடித்து வெளியே வந்தது. வேடிக்கை பார்க்க வந்த பெண்களில் ஒருத்திதான் முதலில் சொன்னாள், விடிந்ததிலிருந்து தான் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை, வேண்டும்போலவும் இல்லை என்று. எனக்கும்தான் என்றாள் அடுத்தவள். வெயிலில் ஓடியாடிய பிள்ளைகளுக்கும் தாகமில்லை, கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் தாகமில்லை, திருப்பூர் பனியன் கம்பெனியில் நின்றுகொண்டிருந்த ஊர்ப்பிள்ளைகள்கூட போன் போட்டு, என்னம்மா, காலையிலிருந்து தாகமே எடுக்கவில்லை என்றார்கள். ஊரின் தாகம் முழுவதும் வழிவிட்டான் தொண்டையில் போய் உட்கார்ந்திருந்தது. மறுநாள் விடிந்து கம்பை அடுத்த வாசலில் சாய்த்ததும் அவர் குப்புற விழுந்து தூங்கினார், அடுத்த வீட்டுக்காரன் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு அலைந்தான்.

ஏன் இப்படி என்று கேட்கிற பழக்கம் நத்தையேந்தலுக்குக் கிடையாது. எது வந்தாலும் அதை எப்படிப் பிரித்துக்கொள்வது என்றுதான் கேட்பார்கள், கோயில் கிடாய்க்கறி வந்தாலும் அப்படித்தான், தாகம் வந்தாலும் அப்படித்தான். தொட்டி நிழலில் கூட்டம் போட்டார்கள். கம்பு முறை ஏற்கெனவே இருக்கிறது, அந்த முறையிலேயே தாகமும் வீடு வீடாகப் போகட்டும் என்று முடிவானது. கம்பு வைத்திருப்பவருக்குத் தண்ணீர் கொடுப்பதா என்று ஒரு பேச்சு வந்தது.

"ஊத்துனாலும் அடங்காது, ஊத்தாட்டியும் உசுரு போகாது. இருக்கிற தண்ணிய எதுக்கு வீணாக்கணும்?" என்றாள் பூமயில்.

நியாயம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் முறை வந்த அன்று அவளும் கரையில் உட்கார்ந்து சேலை முந்தானையைச் சவைத்துக்கொண்டு கிடந்தாளே தவிர ஒரு சொட்டுக் கேட்கவில்லை.

ஆவணியில் வினோதினி வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து சேர்ந்தாள், கை நிறைய வளையலும் மேடு தட்டிய வயிறுமாக. அடுத்த சுற்றில் கம்பு பூமயில் வாசலுக்கு வர வேண்டும். விடியுமுன் எழுந்து கோலம் போடுகிற பெண், வாசலில் சாய்ந்திருக்கும் கம்பை நகர்த்தக் கை வைத்துவிட்டால்? சரி, தானே எடுத்துக்கொண்டாலும், தான் நாக்குத் தள்ளிக் கிடக்கும்போது பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி எடுத்தால் யார் பார்ப்பது? அந்த நினைப்பில் பூமயிலுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஊர்க்கோடியில் குடிசை போட்டிருந்த இருளாயியைத் தேடிப் போனாள். இருளாயி அவளுடைய நாத்தனார், புருசன் விட்டுவிட்டுப் போனவள், பிள்ளை இல்லை, சீமைக்கருவேல் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்துப் பிழைப்பவள்.

"இந்த ஒரு தடவை என் முறையையும் நீ வாங்கிக்கிறியா?"

"இதுக்குப் போயி கேக்கணுமா மதினி? நம்ம வீட்டுப் புள்ளதான" என்றாள் இருளாயி, கரி அப்பிய முகத்தில் பல் தெரிய.

கதை அங்கேயே முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம், மிச்சமெல்லாம் அதன் வட்டி. ஒருவர் வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தது, ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது, ஒருவர் மாலை போட்டிருந்தார், ஒருவர் வீட்டுக்குப் புது மருமகள் வந்திருந்தாள், தலைவியே முறையை மாற்றியிருக்கும்போது யாரிடம் போய் அவள் முடியாது என்று சொல்வாள்? ஒவ்வொரு காரணமும் நல்ல காரணம். ஒவ்வொரு விடியலிலும் கம்பு கூடுதலாக ஒரு வீட்டைத் தாண்டியது, தாண்டித் தாண்டி இருளாயி குடிசைக்கே வந்து நின்றது. தொட்டி நிழலில் முறைப்படி கூட்டம் போட்டுத்தான் அதை முடிவு செய்தார்கள். தனிக்கட்டை, நெருப்பில் வெந்த உடம்பு, சூடு பழகினது என்றார்கள். ஊர் நன்றாக இருக்க ஒருத்தி தாங்கினால் தப்பில்லை என்று பூமயிலே சொன்னாள், மகளின் வயிற்றை நினைத்துக்கொண்டு சொன்னாள். இருளாயியைக் கூட்டத்தின் நடுவில் உட்கார வைத்து, "ஒனக்குச் சம்மதந்தான தாயி?" என்று வழிவிட்டான் மரியாதையாகக் கேட்டார். அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததால் பேச முடியவில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அவளை ஊர் ஒரு குறையும் இல்லாமல் வைத்துக்கொண்டது. கோயிலில் முதல் மரியாதை அவளுக்கு, பட்டுச்சேலை அவளுக்கு, பெயர் சொல்லிக் கூப்பிடாமல் தாயி என்றார்கள், கம்பு கைதவறி விழுந்துவிடக் கூடாதே என்று மஞ்சள் கயிற்றால் மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். தண்ணீரே செலவாகாத ஊர் என்று கேள்விப்பட்டு ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து பாராட்டுக் கேடயம் கொடுத்தார். அவர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தபோது ஊர்க்கோடியிலிருந்து தண்ணீ, தண்ணீ என்று ஒரு குரல் கிழிந்து வந்தது. யாரது என்று அவர் திரும்பினார்.

"பக்கத்து ஊரு பொம்பள சார். அவுகளுக்குத்தான் தண்ணிக் கஷ்டம்" என்றார் வழிவிட்டான்.

ஐப்பசியில் மழை கொட்டியது. ஊருணி கல்படி மறைய நிரம்பியது. ஓடி வந்து பார்த்தவள் இருளாயி ஒருத்திதான், மற்றவர்களுக்கு அது வெறும் மழை. முதல் நாள் விடியலில், ஒரு காலும் படாத தண்ணீரைக் கட்டிய கையோடு குனிந்து ஒரு குடம் மொண்டு, தேத்தாங்கொட்டையைத் தேய்த்துப் போட்டுத் தெளிய வைத்து, துணியால் வேடு கட்டி மூலையில் வைத்துக்கொண்டாள். பிறகு வந்தது ஆடு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் தாகம் வழக்கம்போல இருந்தது, அவற்றைத் தடுக்கத்தான் ஆள் இல்லை. பிறகு கரி லாரியை இறக்கிக் கழுவினார்கள், பிறகு துணி, பிறகு சாராய பாட்டில், பிறகு செத்த கோழி. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. குடிக்காத தண்ணீர் பக்கத்தில் கிடந்தால் மனிதர்கள் செய்கிறதைச் செய்தார்கள்.

இருளாயி தவழாத குறையாகப் பூமயில் வாசலுக்கு வந்தாள். கம்பு தரையில் இழுபட்டது.

"மதினி... என்னைய அவுத்துவிடச் சொல்லிக் கேக்கல. தண்ணியில மட்டும் கால வைக்காதீக. நீங்க ஒரு சத்தம் குடுத்தா ஊரு கேக்கும். அது ஒண்ணுதான் கேக்குறேன்."

"சரி சரி, கமிட்டியில சொல்றேன்" என்றாள் பூமயில். சொல்லவில்லை. மறந்துதான் போனாள். தாகமில்லாதவளுக்கு அதெல்லாம் எங்கே நினைவிருக்கும்.

கார்த்திகையில் வினோதினிக்கு டவுன் ஆஸ்பத்திரியில் ஆண்பிள்ளை பிறந்தது, தாகம் கம்பில் ஏறிய பிறகு ஊர் கண்ட முதல் பால்குடிப் பிள்ளை. நல்ல எடை, நல்ல நிறம், பிறந்த அன்றே முட்டி முட்டிப் பால் குடித்தது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பூமயில் சேனை வைத்தாள். ஊருணித் தண்ணீரில் கருப்பட்டி கரைத்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்து, இனி நீ நத்தையேந்தல் பிள்ளை என்று சொன்னாள். தண்ணீர் பழையது, பஞ்சத்துக்கு முன்னால் பாட்டிலில் பிடித்துப் பூஜை அலமாரியில் வைத்திருந்தது, அதனால் சுத்தமானது. குறை தண்ணீரில் இல்லை. அந்தச் சொட்டு நாக்கில் பட்டதும் பிள்ளை ஊர்ப்பிள்ளை ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு அது பால் குடிக்கவில்லை.

காம்பை வாயில் வைத்தால் வைத்தபடி இருக்கும், பார்க்கும், சப்பாது. சங்கால் புகட்டினால் கடைவாயில் வழியும். அழுகையும் இல்லை. பச்சைப்பிள்ளைக்குப் பசி ஏது, தாகம் ஏது, இரண்டும் ஒன்றுதானே, அது போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, வைத்துப் பாருங்கள், குடிக்கும் என்றார்கள். வினோதினியின் மார்பில் பால் கட்டி, காய்ச்சல் கண்டு, பிறகு வற்றத் தொடங்கியது. பிள்ளையின் உச்சிக்குழி உள்ளே இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பூமயிலுக்கு உறைத்தது, தன் பேரனின் தாகம் எங்கே போயிருக்கிறது என்று. ஊர்க்கோடியிலிருந்து தண்ணீ என்று ஒரு குரல் வந்தது, அதில் தன் பேரனின் குரலும் இருக்கிறது என்று தோன்றியது.

தொட்டி நிழலில் அவளே கூட்டம் கூட்டினாள். முறையை முறித்துவிடலாம், கம்பைக் கொளுத்திவிடலாம், அவரவர் தாகத்தை அவரவர் வாங்கிக்கொள்ளலாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். எல்லோரும் வருத்தப்பட்டார்கள். உண்மையாகவே வருத்தப்பட்டார்கள், இரண்டு பெண்கள் அழுதார்கள். வழிவிட்டான்தான் பேசினார்.

"அக்கா, ஊருணி கிடக்கிற கிடப்பப் பாத்தீகள்ல? இப்பத் தாகத்தக் கொண்டாந்து விட்டா எதைக் குடிக்கிறது? எம்புட்டுப் புள்ளைக இருக்கு ஊருல."

"எம்பேரன் சாகுறான் தம்பி."

"ஊரு நல்லா இருக்க ஒருத்தி தாங்குனா தப்பில்லன்னு நீங்கதான சொன்னீக? இப்ப ஒங்க வீடுன்னதும் ஊரு நாக்கத் தொங்கப் போடணுமாக்கும்."

கூட்டம் கலையுமுன் இன்னொரு முடிவும் எடுத்தார்கள், இருளாயி குடிசை வாசலில் ஆள் போடுவது என்று. தலைமுறை தலைமுறையாகத் தண்ணீருக்குக் காவல் இருந்த ஊர், அன்றைக்குத் தாகத்துக்குக் காவல் வைத்தது.

உச்சிவெயிலில் பூமயில் குடிசைக்குப் போனாள். வாசலில் வேப்பங்குச்சியை மென்றுகொண்டிருந்த இரண்டு பேரும் தலைவி என்று எழுந்து வழிவிட்டார்கள். உள்ளே பட்டுச்சேலைக்குள் இருளாயி சுருண்டு கிடந்தாள், உதடு வெடித்து, விரல் சுள்ளியாகி, மூலையில் வேடு கட்டிய குடத்தைப் பார்த்தபடி. பூமயில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். பின்பக்கம் யாரோ போட்ட கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது.

"இம்புட்டு நாளா நீயே இந்தக் கம்ப அந்த மூட்டத்துக்குள்ள சொருகியிருக்கலாமேடி" என்றாள் பூமயில்.

"நான் எரிச்சா ஊரு என்னைய உசுரோட விடுமா? நீங்க சொன்னாத்தான மதினி அது கமிட்டி முடிவு. என்னைக்காச்சும் வந்து சொல்லுவீகன்னு கிடந்தேன்."

"அந்தக் குடத்தையாவது குடிச்சிருக்கக் கூடாதா?"

"குடிச்சு என்னத்துக்கு? ஊருத் தாகம் அதுல அடங்கவா போகுது? என்னைக்காவது ஒருநாள் எனக்கு மட்டுந் தாகம் எடுக்கும்ல. அன்னைக்குன்னு வச்சிருக்கேன்."

பூமயில் அரிவாள்மணையால் மஞ்சள் கயிற்றை அறுத்தாள். பூமயிலும் இருளாயியும் பின்பக்கப் படலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூட்டத்தில் காற்றுக்காக விட்டிருந்த ஓட்டையில் இருளாயி கம்பைச் செருகினாள், தொழில் தெரிந்த கையால் மண்ணை இழுத்து மூடினாள். புகை கறுத்தது, மஞ்சளானது, நீலமானது. பூண் வெடிக்கும் சத்தம் உள்ளே கேட்டது.

தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டதாகத்தான் பூமயில் முதலில் நினைத்தாள். அதன் பெயர் நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. அத்தனை மாதத் தாகமும் ஒன்றாக வந்து சேர்ந்திருந்தது. ஊருக்குள்ளிருந்து ஓ என்று ஒரு சத்தம் எழுந்தது, அந்தச் சத்தத்துக்கு நடுவில், மெலிசாக, ஒரு பச்சைப்பிள்ளை வீரிட்டது. என் ராசா, என் ராசா என்று அவள் மார்பில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது வந்த சந்தோஷத்தைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

குடிசைக்குள் திரும்பி இருளாயி வேடு கட்டிய துணியை அவிழ்த்துக் குடத்துக்குள் டம்ளரை விட்டாள். கண்ணாடியாகத் தெளிந்த தண்ணீர். மெதுவாகக் குடித்தாள், நிறுத்தினாள், டம்ளரின் அடியைப் பார்த்தாள். முகம் உடைந்து அழுகை வந்தது.

"இம்புட்டுத்தான் மதினி. எனக்கு வேண்டியது இம்புட்டுத்தான் இருந்திருக்கு."

பிறகு இன்னொரு டம்ளர் மொண்டு நீட்டினாள். "வினோதினிக்குக் கொண்டு போங்க. தண்ணி உள்ள போனாத்தான் பாலு ஊறும். சிந்தாமப் போங்க."

பூமயில் உள்ளங்கையால் டம்ளரை மூடிக்கொண்டு பின்பக்கமாக வெளியேறினாள். முதுகுக்குப் பின்னால் காவல்காரர்கள் உள்ளே பாய்வதும், குடம் உருண்டு உடைவதும் கேட்டன, அவள் திரும்பவில்லை. தெருவில் ஊர் முழுவதும் மேற்கே ஓடியது. வழிவிட்டான் ஓடினார், மாலை போட்டவர் ஓடினார், புது மருமகள் ஓடினாள். கல்படியில் குனிய ஒருவருக்கும் பொறுமை இல்லை, காலோடும் செருப்போடும் இறங்கி, பாசியை விலக்கி, கரிக்கசண்டும் கோழி இறகும் மிதக்கிற தண்ணீரை அள்ளி அள்ளிக் குடித்தார்கள். கால வைக்காதீக என்று பூமயில் கத்தப் பார்த்தாள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. டம்ளரை முந்தானைக்குள் இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நடந்தாள். என் ராசாவுக்கு, என் ராசாவுக்கு என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். டம்ளரின் குளிர்ச்சி ரவிக்கை வழியாக உறைத்தது. கோயில் தாண்டியது, ரேஷன் கடை தாண்டியது, பிள்ளையின் அழுகை கிட்டே வரவர அவள் இன்னும் வேகமாக நடந்தாள்.

வினோதினி வாசற்படியில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உதடு வெளுத்து, கையை நீட்டிக்கொண்டு.

"தண்ணியாம்மா?"

பூமயில் டம்ளரைக் கொடுத்தாள். வினோதினி அதை வாயில் வைத்துக் கவிழ்த்தாள், கவிழ்த்தபடியே வைத்திருந்தாள், பிறகு இறக்கி உள்ளே பார்த்தாள், பிறகு தாயின் முகத்தைப் பார்த்தாள். பூமயிலின் மோவாய் ஈரமாக இருந்தது, கழுத்துவரை வழிந்திருந்தது. எந்த இடத்தில் குடித்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

உள்ளே பிள்ளை கைகாலை உதைத்துக்கொண்டு, வாயை அகலத் திறந்து, நன்றாகத் தாகமெடுத்து அழுதுகொண்டிருந்தது.